ஐந்து பேரும் நின்ற இடம்

என் குட்டன் முரளிக்கு,

நாலு பேர் முன்னால் இப்படிக் கூப்பிட்டால் மானம் போகிறது என்று சண்டைக்கு வருவாய். இப்போது நாலு பேர் என்ன, இதைப் படிக்கிற அத்தனை பேர் முன்னாலும்தான் கூப்பிடுகிறேன். முடிந்தால் வந்து சண்டை போடு, பார்க்கலாம்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத மனசு வரவில்லை. காலையில் எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, கலூர் பஸ்ஸைப் பிடித்து, லேபில் உட்கார்ந்து வருகிறவர்கள் கையிலிருந்து ரத்தம் எடுக்கிறேன். கை மட்டும் நடுங்கவில்லை. மற்றபடி எதுவும் என் வசத்தில் இல்லை, குட்டா. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன் ஐந்து பேரும் இப்போது மட்டாஞ்சேரி படகுத்துறையில் நிற்கிறார்கள். கான்கிரீட்டில் காலை ஊன்றி நிற்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்கள், உன் பெயரையும் வாசலில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சந்தோஷப்படு. ஆனால் நீ நிறுத்திய மாதிரி அவர்கள் நிற்கவில்லை. தப்பாக நிறுத்தியது நான்தான். எப்படி ஆயிற்று என்று சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாதே.

படிக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊருக்கெல்லாம் நீ சிமெண்டில் புனிதர்களும் கல்யாண மண்டபத்து யானைகளும் செய்து கொடுத்தாய். அது வயிற்றுக்கு. உனக்கென்று செய்தது இந்த ஐவரைத்தான். பஜார் ரோட்டில், மிளகு வாசனை இன்னும் போகாத அந்தப் பழைய கிடங்கில், கம்பியை வளைத்து, கோழிவலையைச் சுற்றி, சாந்து பூசி, வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாய். அஞ்சு பேரும் நம் தெருக்காரர்கள். தையல்கடை நாசர் இக்கா, படகில் கயிறு கட்டுகிற ஜோசப் சேட்டன், சாயாக்கடை சுலேகா இத்தா, மூட்டைச் சுமடு எடுக்கிற ரவி. அப்புறம் நான்.

ஒற்றை ஆளைச் செய்வதில் என்ன இருக்கிறது என்பாய். “ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற காத்தைச் செய்யறதுதான் அக்கா பாடு.” நான் சிரித்தேன். காற்றைச் செய்ய எதற்கடா இத்தனை மூட்டை சிமெண்ட் என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. ஒருத்தர் மேல் ஒருத்தர் படவே கூடாது, தொட்டுக்கொண்டால் அது ஒரே கட்டியாகிவிடும், தொடாமல் நின்றால்தான் கூட்டம் என்று என்னென்னவோ சொன்னாய். ரத்தப் பரிசோதனைக்காரிக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது? சோறு ஆறுகிறது, சாப்பிடு என்றேன்.

என்னைத்தான் முதலில் செய்தாய். அப்போது கிடங்கில் வேறு யாரும் இல்லை, வெறும் தரை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கச் சொன்னாய். கழுத்து வலிக்க நின்றேன். யாரைப் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு, “அவங்கல்லாம் இனிமேத்தான் வரணும்” என்றாய். செய்து முடித்த என்னைப் பார்த்தபோது எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டை விட்டுக் கிளம்பிப் போகிறவள், வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தாள் அவள். நீ கூட்டத்தில் சேர மாட்டாய் அக்கா என்று சின்ன வயசிலிருந்து கேலி செய்வாயே, அதைத்தான் சிமெண்டிலும் பூசிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் என்னை நீ உள்ளே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோறு கொண்டு வந்தால் வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாய். எட்டிப் பார்த்தால் நனைத்த சாக்கு மூடிய மேடுகள்தான் தெரியும், என் சிலையைக்கூட அவை மறைத்துவிடும். சிமெண்ட் காய்ந்து வெடிக்காமல் இருக்க நாள் கணக்கில் சாக்கை நனைத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். முழுசாக முடியாமல் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று தடை வேறு. பிற்பாடு உன் போனைத் திறந்து பார்த்தோம். ஒரு காது, ஒரு முழங்கை, நாசர் இக்காவின் மூக்கு, மறுபடியும் அதே காது. ஐந்து பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று கூட இல்லை. என்ன மனுஷன்டா நீ!

நீ அந்தக் கிடங்கிலேயே விழுந்தாய். ரவிதான் பார்த்துவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். எனக்கு போன் வந்தபோது நான் யாரோ ஒருவரின் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். மறுபடி நான் உன்னைப் பார்த்தபோது நீ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். நம் வீட்டு மாடிப்படியில் பெட்டி ஏறாது, அதனால் கிடங்கிலேயே வைத்தார்கள்.

பாலக்காட்டிலிருந்து சித்தி வந்தாள். உனக்கு அவளைத் தெரியும், சாவு வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். உள்ளே நுழைந்து, சாக்கு விலகி நின்ற உன் சிலைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். “கண்ணு தொறந்து வெச்ச உருவமெல்லாம் இப்படிச் சவத்தைப் பாத்துட்டு நிக்கக் கூடாது. சாமி படத்தையே மூடி வெக்கிறோமில்லே” என்றாள். சுமடுக்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். பிள்ளைகள் என்ன செய்வார்கள், பெரியவள் சொன்னதைச் செய்தார்கள். ஐந்து பேரையும் தூக்கி, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்தினார்கள். யார் எங்கே நின்றது என்று அந்த அவசரத்தில் யாரும் பார்த்து வைக்கவில்லை. நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உன்னை எடுத்துக்கொண்டு போனதும் வழக்கம்போல் இடத்தைக் கழுவிவிட்டார்கள். தரையில் நீ சாக்பீஸால் ஏதாவது அடையாளம் போட்டிருந்தால் அதுவும் அந்தத் தண்ணீரோடு போயிற்று. சித்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, படகுத்துறைக்குப் பக்கத்தில் பூங்கா போடுகிற கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். முரளியின் ஐந்து பேரையும் அங்கே நிரந்தரமாக நிறுத்தலாமா என்று கேட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிடங்கைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது, வேறு போக்கிடமும் இல்லை. இன்ஜினியர் பினு வந்து எல்லாவற்றையும் அளந்தார், நல்ல மனுஷன். காலுக்குள்ளிருந்து வரும் கம்பியைக் கீழே இரும்புச் சட்டத்தோடு பற்றவைத்து மேலே கான்கிரீட் போட்டுவிடுவோம், காற்றுக்கும் மழைக்கும் அசையாது என்றார். அப்புறம் கையில் பேனாவோடு என்னைப் பார்த்து, யார் எங்கே என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை, முரளி. நீ பிறந்த நாளிலிருந்து உன்னைத் தெரியும் எனக்கு. எந்தக் காதில் உனக்குச் சீழ் பிடிக்கும், எந்தக் கறியை ஒதுக்கி வைப்பாய், எல்லாம் தெரியும். நீ வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரியாது.

அந்த ஞாயிறு நாலு பேரையும் கிடங்குக்கு வரச் சொன்னேன். அவரவர் சிலை முடிகிற சமயத்தில் அவரவரைக் கூப்பிட்டு, சிலைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துத்தானே திருத்தினாய்? அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். நாசர் இக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். சுலேகா இத்தா கடையைப் பூட்டிவிட்டு எல்லோருக்கும் சாயா எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் அவர்களும் மற்றவர்களைப் பார்த்திருக்கவில்லை. ஒருத்தர் வரும்போது மற்றதெல்லாம் சாக்குக்குள். காய்ந்து முடிந்து திறந்து நின்றது நான் ஒருத்திதான். ஆகவே நாலு பேருக்கும் என் நினைப்புத்தான் இருந்தது. நாசர் இக்காதான் முதலில் சொன்னார். “லலிதா, நீ எனக்கு நேரே நின்னே. நான் கண்ணால கண்டதாக்கும்.” ஜோசப் சேட்டன் இல்லை இல்லை, எனக்கு நேராகத்தான், நான் கை நீட்டினதே உனக்குத்தான் என்று மலையாளத்தில் அடித்துச் சொன்னார். சுலேகா இத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என் கண் முன்னால்தான் இருந்தாய் மோளே என்றாள். ரவி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, சேச்சியின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தம்பியைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சாவு வீட்டில் எல்லோரும் சொல்வதுதானே, உன்னைப் பற்றித்தான் எப்போதும் பேசுவான், உன் மேல் உயிரையே வைத்திருந்தான் என்று. அந்த மாதிரி இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

“நான் ஒருத்தி. எத்தனை பேருக்கு நேரே நிப்பேன்?” என்று கேட்டேன்.

சுலேகா இத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சாயா கிளாஸ்களை எடுத்து வைக்கிற சாக்கில் நான் எழுந்து போய்விட்டேன். என் குணம் உனக்குத் தெரியுமே.

அப்புறம் பினுவும் நானும் ஒரு வழி கண்டுபிடித்தோம். நாலு சிலைகளின் பார்வையையும் பிடித்துக்கொண்டு போனோம். கண்ணிலிருந்து நூல் கட்டிப் பார்த்தார் அவர். நாசர் இக்கா குனிந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார், ஜோசப் சேட்டன் படகிலிருந்து ஆளை இறக்குகிற மாதிரி கை நீட்டுகிறார், இத்தா முக்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறாள். எதிர்ப்பக்கம் ரவி, ஒரு கையை உயர்த்திக்கொண்டு. நாலு நூலும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினோம். ரவியின் கை மட்டும் வெறும் காற்றில் நின்றது. யாரையோ பொறு பொறு என்கிறான் போல என்று வைத்துக்கொண்டோம்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பினு கேட்டார். அதுதான் முரளியின் விஷமம், இல்லாத ஒன்றை நாலு பேர் பார்க்கிறார்கள், ஐந்தாமவள் அதைப் பார்க்கப் பிடிக்காமல் கிளம்புகிறாள் என்று பெரிய கலை ரசிகை மாதிரி விளக்கம் சொன்னேன். நடுவில் செடி ஏதாவது வைக்கட்டுமா என்றார். வேண்டாம், காலியாக விடுங்கள் என்றேன். என்னை நானே ஓரத்தில், தண்ணீர்ப் பக்கம், நாலு பேருக்கும் முதுகு காட்டி நிறுத்தச் சொன்னேன். கான்கிரீட் கலவை வந்து இறங்கியபோது பக்கத்திலேயே நின்றேன். என் கால் மூடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கடுத்த வாரம், சிலைகளின் காலெல்லாம் சிமெண்ட் பால் தெறித்துக் கிடக்கிறது என்று ரவி சொன்னான். வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு காலையில் போனேன். முதல் படகு இன்னும் வரவில்லை. இத்தாவின் முழங்காலைத் துடைத்தேன், நாசர் இக்காவின் செருப்பைத் துடைத்தேன். நல்ல புழுக்கம். நாலு பேருக்கும் நடுவில் நிமிர்ந்து நின்று துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். தோள் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

ரவியின் கை. என் தோளுக்கு ஒரு விரல் மேலே, தொடாமல்.

அப்படியே நின்றுவிட்டேன் குட்டா. முந்தானை முகத்தில், கழுத்து தோளுக்கு மேலே திரும்பி. நீ அன்று நிற்கச் சொன்ன மாதிரியே நிற்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மெல்ல முன்பக்கம் திரும்பினேன். நாசர் இக்கா கண்ணாடிக்கு மேலாக என் முகத்தைப் பார்த்தார். ஜோசப் சேட்டன் நீட்டிய கை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இத்தா அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் என் உயரத்துக்கு. என் உயரத்துக்கு நீ அளவெடுத்து வைத்திருக்கிறாய்.

நாலு பேரும் சொன்னது அத்தனையும் நிஜம். நாசர் இக்காவுக்கு நேரே, ஜோசப் சேட்டனுக்கு நேரே, இத்தாவின் கண் முன்னால், ரவிக்கு முதுகு. ஒருத்தி எல்லோருக்கும் நேரே நிற்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள் என்று சொன்னவளும் நான்தான்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் ஓரத்தில் என் சிலை தெரிகிறது. எல்லோரையும் விட்டுவிட்டு எங்கேயோ போகிறாள். வாடி இங்கே என்று கூப்பிட்டேன், வெட்கமில்லாமல். சிமெண்ட் எங்கே வரும்?

பினுவுக்கு போன் போட்டேன். கலூரிலிருந்து ஓடி வந்தார். என் சிலையின் காலடியில் மண்டி போட்டுத் தட்டிப் பார்த்தார், மறுபடி தட்டினார். எழுந்திருக்கவே ரொம்ப நேரமாயிற்று.

“சேச்சி, உடைச்சா கால் போகும்” என்றார்.

உள்ளே பொள்ளல், மேலே மெல்லிசான சிமெண்ட், கம்பியோ சட்டத்தோடு ஒட்டிப் போயிருக்கிறது. கணுக்காலோடு முறியும், அப்புறம் ஒட்டவைத்தாலும் நிற்காது என்று விளக்கினார். வேறு ஆட்களைக் கேட்டேன். களமசேரியில் பெரிய சிலைகள் வார்க்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவரும் அதைத்தான் சொன்னார். இன்னொன்று செய்யலாமே என்றார். யார் செய்வது? உன் கை எங்கே இருக்கிறது?

நாசர் இக்காவிடம் போய்ச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு, கடையைச் சாத்திவிட்டு என்னோடு வந்தார். நடுவில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு, தன் சிலைக்குப் பக்கத்தில் போய் அதே மாதிரி குனிந்து பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் சொல்லவில்லை. சாரமில்லை லலிதா, பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

உன் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? எத்தனை ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் உட்கார்ந்து என் கையால் சோறு வாங்கித் தின்றாய். மீன் முள் தொண்டையில் மாட்டினால் கத்தினாய், உப்புப் போதவில்லை என்று முகத்தைத் தூக்கினாய். அக்கா, உன்னை நடுவில் வைத்திருக்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லையா? முடிந்த பிறகு காட்டலாம் என்றிருந்தாயா? எதற்கு என்னை அங்கே வைத்தாய்? இந்த நாலு பேரும் என்னை ஏன்டா அப்படிப் பார்க்கிறார்கள், நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்? ரத்தம் எடுத்தேன், சோறு கட்டினேன், உன்னைத் திட்டினேன். இதை யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று கேள். பூங்கா திறந்ததிலிருந்து ஒரே கூட்டம். வருகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோரும் நேராக நடுவில் போய் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆலுவாவிலிருந்து வந்த புதுக் கல்யாண ஜோடி, டூரிஸ்ட் பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெரியவர்கள், யாரானாலும் சரி. ஜோசப் சேட்டன் அவர்களுக்கெல்லாம் கை நீட்டுகிறார். இத்தா அண்ணாந்து பார்க்கிறாள். ரவி எல்லோர் தோள் மேலும் கை வைக்கப் போகிற மாதிரி நிற்கிறான். முதலில் எனக்கு வயிறு எரிந்தது, அது என் இடம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு நாள் ஒரு பெண் அங்கே நின்று எதற்கோ அழுதுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து கத்தத் தோன்றவில்லை. அதற்காக மனசு ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே, ஆறவில்லை.

செய்ததைத் திருத்த என்னால் முடியாது முரளி. உன் வேலையை நான் கெடுத்தது கெடுத்ததுதான், நான் போன பிறகும் அந்தச் சிமெண்டுக்காரி எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். என்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கலூரிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகாமல் படகுத்துறைக்குப் போவேன். படம் எடுக்கிறவர்கள் இருந்தால் வரிசையில் நிற்பேன். என் முறை வந்ததும் நடுவில் போய், நீ சொன்ன மாதிரி திரும்பி, கழுத்து வலிக்கிற வரைக்கும் நிற்பேன். கால் நடக்கிற காலம் வரைக்கும் ஒரு நாளும் தவறாமல் வருவேன், இது சத்தியம்.

நீ நடுவில் நிறுத்தி வைத்திருந்த
உன் அக்கா,
லலிதா